போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் மெயில் சர்வரில் லாகின் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸிலோ ஃப்ரீபிஎஸ்டியிலோ போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் சேர்த்து ஓட்டுபவர்களுக்கான பக்கம் இது. அஞ்சலை வாங்குவதும் அனுப்புவதும் போஸ்ட்ஃபிக்ஸின் வேலை. பயனருக்கு அவருடைய பெட்டியைத் திறந்து காட்டுவது டவ்காட். கடவுச்சொல் சரியா என்று தீர்ப்புச் சொல்வதும் பெரும்பாலான இடங்களில் டவ்காட்தான். போஸ்ட்ஃபிக்ஸ் அதனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் பாதிச் சிக்கல்கள் எங்கே நிற்கின்றன என்று உடனே தெரிந்துவிடும். வேறாகக் குறிப்பிடாத இடங்களில் டவ்காட் 2.3-ஐ வைத்தே பேசியிருக்கிறேன்.

"பாஸ்வேர்ட் தப்புன்னு வருது" என்று பயனர் சொல்கிறார். முதலில் என்ன செய்வது?

கடவுச்சொல்லை மாற்றிக் கொடுக்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். சான்றிதழ் காலாவதி, ஃபயர்வால் தடை, இணைப்பு எண்ணிக்கை வரம்பு, அஞ்சல் அடைவின் அனுமதிக் குறை என்று எது நடந்தாலும் பல கைபேசிச் செயலிகள் காட்டுவது ஒரே வாசகத்தைத்தான். சர்வரும் வேண்டுமென்றே விவரத்தை மறைக்கிறது. இல்லாத பயனர் பெயருக்கும் தவறான கடவுச்சொல்லுக்கும் அது ஒரே பதிலைத் தரும்; இல்லாவிட்டால் எந்தெந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று வெளியாள் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிடுவான். ஆகவே பயனரின் திரையில் உண்மை இருக்காது. லாகில், அதாவது சர்வர் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவில், இருக்கும்.

அவசரப்பட்டு மாற்றினால் இன்னொரு தொல்லையும் வரும். வீட்டிலுள்ள டேப்லெட்டும் அலுவலக மேசைக் கணினியும் பழைய கடவுச்சொல்லோடு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்கும். பழைய கோளாறின் மேல் புதியது ஒன்று ஏறி, லாகும் குழம்பிவிடும்.

பயனரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பயனர் பெயர் கட்டத்தில் என்ன தட்டினார், எத்தனை மணிக்கு, படிக்கும்போதா அனுப்பும்போதா. படிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம். இரண்டும் முடியவில்லை என்றால் டவ்காட் பக்கம்.

லாக் எங்கே இருக்கிறது?

டெபியன், உபுண்டுவில் /வார்/லாக்/மெயில்.லாக். ரெட் ஹேட் வகையிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் /வார்/லாக்/மெயில்லாக். டெபியன் 12 முதல், இந்தக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. கோப்பைக் காணோம் என்றால் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் டவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் சேவைகளின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். டவ்காட் தன் லாகை எங்கே எழுதுகிறது என்பதை 'டவ்அட்ம் லாக் ஃபைண்ட்' கட்டளை சொல்லிவிடும். பாம் (யூனிக்ஸின் பொதுவான கடவுச்சொல் சரிபார்ப்பு அமைப்பு) வழியாகச் சரிபார்ப்பவர்கள் /வார்/லாக்/ஆத்.லாக் அல்லது /வார்/லாக்/செக்யூரையும் திறக்க வேண்டும். பாமின் புலம்பல்கள் மெயில் லாகுக்கு வருவதில்லை.

விவரம் போதவில்லை என்றால் டவ்காட் அமைப்பில் 'ஆத்_வெர்போஸ்', 'ஆத்_டீபக்' இரண்டையும் 'யெஸ்' ஆக்கி ரீலோட் செய்யுங்கள். 'ஆத்_டீபக்_பாஸ்வேர்ட்ஸ்' என்ற மூன்றாவது ஒன்று உண்டு. அது பயனர்களின் கடவுச்சொற்களை அப்படியே லாகில் எழுதும். அந்த லாக் காப்புப்பிரதியாகப் பல இடங்களுக்குப் போகும். வேறு வழியே இல்லாவிட்டால் ஒரு சோதனைக் கணக்கைக் கொண்டு சில நிமிடம் மட்டும் திறந்து, உடனே மூடி, அந்த வரிகளையும் அழித்துவிடுங்கள்.

லாக் வரிகளை எப்படிப் படிப்பது?

'அன்னோன் யூசர்' என்றால் சர்வர் தேடிய பெயர் எங்குமே இல்லை. அந்த வரியில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கடைசியில் ஒட்டிய வெற்றிடம், டொமைன் இல்லாத வெறும் பெயர், டொமைனில் எழுத்துப் பிழை, இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

'பாஸ்வேர்ட் மிஸ்மேட்ச்' என்றால் பெயர் கிடைத்தது, கடவுச்சொல் பொருந்தவில்லை. பயனர் தவறாகத் தட்டியிருக்கலாம், அல்லது சேமித்து வைத்திருக்கும் ஹாஷின் (கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றிய வடிவத்தின்) வகையை டவ்காட் வேறாக எண்ணிக்கொண்டிருக்கலாம்.

'ஆத் ஃபெயில்ட், 1 அட்டெம்ப்ட்ஸ் இன் 2 செக்ஸ்' என்று வந்தால் அந்த 2 நொடியைக் கண்டு சர்வர் மெதுவாகிவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். தவறான முயற்சிக்கு டவ்காட் வேண்டுமென்றே போடும் தாமதம் அது.

'நோ ஆத் அட்டெம்ப்ட்ஸ்' என்ற வரிக்குத் தனி மரியாதை கொடுங்கள். கடவுச்சொல் சர்வரை வந்து சேரவே இல்லை என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலும் பக்கத்திலேயே டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) பிழை எழுதப்பட்டிருக்கும்: சான்றிதழ் காலாவதி, பெயர் பொருந்தாமை, அல்லது பழைய கைபேசி பேசும் டிஎல்எஸ் பதிப்பைச் சர்வர் ஏற்காமை. சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட பிறகும் இது வந்தால், டவ்காட்டை யாரும் ரீலோட் செய்யவில்லை என்று பொருள். புதிய கோப்பு வட்டில் கிடக்கும்; ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸ் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

'மேக்ஸிமம் நம்பர் ஆஃப் கனெக்ஷன்ஸ்' என்று தொடங்கினால் ஒரே பயனர் ஒரே ஐபியிலிருந்து 10 இணைப்புகளைத் தாண்டிவிட்டார். அந்த 10 டவ்காட்டின் இயல்பு வரம்பு. 'மெயில்_மேக்ஸ்_யூசர்ஐபி_கனெக்ஷன்ஸ்' என்ற அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம்.

லாகில் ஒரு வரிகூட இல்லையா? அவர் உங்கள் சர்வருக்கு வரவே இல்லை. ஃபயர்வாலையும், அவர் செயலியில் கொடுத்திருக்கும் சர்வர் பெயரையும் பாருங்கள்.

கடவுச்சொல் உண்மையிலேயே சரியா என்று சர்வரிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். ரூட்டாக 'டவ்அட்ம் ஆத் டெஸ்ட்' கொடுத்துப் பயனர் பெயரை எழுதுங்கள். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுத வேண்டாம், ஷெல் வரலாற்றில் தங்கிவிடும்; விட்டுவிட்டால் அதுவே கேட்கும். 'ஆத் சக்ஸீடட்' வந்தால் நெட்வொர்க், டிஎல்எஸ், போஸ்ட்ஃபிக்ஸ் இவற்றில் ஒன்றைத்தான் இனிச் சந்தேகிக்க வேண்டும். 'ஆத் ஃபெயில்ட்' வந்தால் அவற்றை எல்லாம் மறந்துவிட்டுக் கடவுச்சொல் சேமிப்பை நோண்டுங்கள். தேடும் பரப்பை ஒரே அடியில் பாதியாக்கும் கட்டளை இது. ஏன் இவ்வளவு பேர் இதை இயக்கிப் பார்க்காமல் மணிக்கணக்கில் அமைப்புக் கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஒரு நுணுக்கம்: 'ஆத் டெஸ்ட்' பார்ப்பது பாஸ்டிபியை மட்டும், அதாவது கடவுச்சொல் இருக்கும் இடத்தை. பயனரின் யூஐடி (பயனர் எண்), வீட்டு அடைவு எல்லாம் யூசர்டிபி என்ற வேறு தேடலில் வரும். அதைத் தனியே பார்க்க 'டவ்அட்ம் யூசர்'. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க 'டவ்அட்ம் ஆத் லாகின்'.

வெளியிலிருந்து கையால் லாகின் செய்து பார்ப்பது எப்படி?

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்_கிளையன்ட்' போதும். அனுப்பும் பக்கத்துக்கு (எஸ்எம்டிபி) போர்ட் 587, 'ஸ்டார்ட்டிஎல்எஸ் எஸ்எம்டிபி' விருப்பத்தோடு; வெற்றாகத் தொடங்கிய இணைப்பை நடுவில் மறையாக்குவதே ஸ்டார்ட்டிஎல்எஸ். படிக்கும் பக்கத்துக்கு (ஐமேப்) போர்ட் 993. ஐமேப்பில் 'ஏ லாகின்' என்று தட்டி, பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதினால் பதில் உடனே வரும்.

எஸ்எம்டிபியில் கொஞ்சம் வேலை அதிகம். 'ஆத் பிளெயின்' முறையில் வெற்று பைட், பயனர் பெயர், இன்னொரு வெற்று பைட், கடவுச்சொல் என்று கோத்து பேஸ்64-ஆக மாற்ற வேண்டும். இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன. 'எக்கோ' பயன்படுத்தினால் கடைசியில் ஒரு புதுவரிக் குறி ஒட்டிக்கொள்ளும். சரியான கடவுச்சொல்லும் தவறாகிவிடும். 'பிரிண்ட்எஃப்' பயன்படுத்தினாலும், பின்சாய்கோட்டுப் பூஜ்யத்தை ஒட்டி எண்ணில் தொடங்கும் கடவுச்சொல்லை எழுதினால் அந்த எண்களை எண்மக் குறியீடாக எடுத்து விழுங்கிவிடும்; பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் சதவீதக் குறியோடு 'எஸ்' போட்டு, மதிப்புகளைத் தனியே கொடுங்கள். மூன்றாவது பொறி லாகினுக்குப் பிறகு வரும்: பெறுநர் வரியை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கினால், வரி முதலில் வரும் 'ஆர்' எழுத்தை எஸ்_கிளையன்ட் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு டிஎல்எஸ் பேச்சை மறுபடி தொடங்கப் பார்க்கும். சின்ன எழுத்தில் தட்டுங்கள், அல்லது 'கொயட்' விருப்பத்தோடு இயக்குங்கள்.

பேஸ்64 என்பது மறையாக்கம் அல்ல. அந்தக் கோவையை உதவி கேட்டு எங்கும் ஒட்டாதீர்கள், யாரும் ஒரு நொடியில் பிரித்துப் படித்துவிடுவார்கள்.

ஈஹெச்எல்ஓ (எஸ்எம்டிபியின் முதல் வணக்கக் கட்டளை) கொடுத்தால் ஆத் வரியே வரவில்லை, ஏன்?

ஸ்டார்ட்டிஎல்எஸ்-க்கு முன்னால் வராவிட்டால் நல்லது. 'எஸ்எம்டிபிடி_டிஎல்எஸ்_ஆத்_ஒன்லி' தன் வேலையைச் செய்கிறது. அந்த நிலையில் கடவுச்சொல்லை அனுப்பப் பார்க்கும் செயலிக்கு டிஎல்எஸ்-ஐ முதலில் தொடங்கச் சொல்லி மறுப்பு வரும். அதை எடுத்துவிட்டுச் சிக்கலைத் தீர்த்தேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செயலியில் டிஎல்எஸ்-ஐ இயக்குவதே தீர்வு.

டிஎல்எஸ்-க்குப் பிறகும் வரவில்லை என்றால் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் சப்மிஷன் (போர்ட் 587) பகுதியைத் திறந்து பாருங்கள். முதல் வரியின் குறிப்புக்குறியை எடுத்துவிட்டு, அதன் கீழுள்ள '-ஓ' வரிகளின் குறிகளை எடுக்க மறந்துவிடுவது வழக்கம். அந்த வரிகளில் சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி இருக்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள், மெயின்.சிஎஃப் பழக்கத்தில் இடைவெளி விட்டால் வேலை செய்யாது.

535-க்கும் 454-க்கும் என்ன வித்தியாசம்?

535 5.7.8 என்றால் சரிபார்த்தாயிற்று, பொருந்தவில்லை. 454 4.7.0 என்றால் சரிபார்க்கவே முடியவில்லை. தரவுத்தளமோ பயனர் பட்டியல் வைத்திருக்கும் எல்டாப் சர்வரோ பதில் சொல்லவில்லை. 454 வரும்போது பயனரைக் கடவுச்சொல் மாற்றச் சொல்வது அவரை வீணாக அலைக்கழிப்பதுதான்.

போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் 'நோ சாசல் ஆதென்டிகேஷன் மெக்கானிசம்ஸ்' என்று வந்து இணைப்பு அறுந்துபோகிறது.

சாசல் என்பது லாகின் சரிபார்ப்பு நெறி. அதற்காக டவ்காட்டும் போஸ்ட்ஃபிக்ஸும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பு கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய வரியில் காரணம் இருக்கும். 'நோ சச் ஃபைல்' என்றால் டவ்காட் அந்த சாக்கெட்டை உருவாக்கவே இல்லை, அல்லது வேறிடத்தில் உருவாக்கியிருக்கிறது. 'பெர்மிஷன் டினைட்' என்றால் சாக்கெட்டின் உரிமையாளரும் குழுவும் போஸ்ட்ஃபிக்ஸாக, அனுமதி 0660-ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் கோப்பு இருக்கிறது, மறுமுனையில் கேட்பவர் இல்லை, டவ்காட் நின்றுவிட்டது.

பாதையில் ஒரு சூட்சுமம் உண்டு. டவ்காட் தன் அமைப்பில் /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்/பிரைவேட்/ஆத் என்று முழுப் பாதையை எழுத வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸோ 'எஸ்எம்டிபிடி_சாசல்_பாத்' அமைப்பில் வெறும் பிரைவேட்/ஆத் என்று எழுத வேண்டும். டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் எஸ்எம்டிபிடி நிரல், ஓர் அடைவையே முழு வட்டாகக் காணும் குரூட் கூண்டுக்குள் ஓடுகிறது. முழுப் பாதையைக் கொடுத்தால் கூண்டுக்குள்ளே அப்படியொரு பாதையைத் தேடிவிட்டு இல்லை என்று திரும்பும். 'எஸ்எம்டிபிடி_சாசல்_டைப்' டவ்காட் என்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எழுதாமல் விட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் சைரஸ் என்ற வேறு சரிபார்ப்பு நூலகத்தைத் தேடிப் போகும்.

முழு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் முடியவில்லை, பெயரை மட்டும் கொடுத்தால் முடிகிறது. ஏன்?

நீங்கள் பாம் வழியாக யூனிக்ஸ் பயனர்களைச் சரிபார்க்கிறீர்கள். /இடிசி/பாஸ்வேர்ட் கோப்பில் டொமைனோடு கூடிய பெயர் இல்லை. 'ஆத்_யூசர்நேம்_ஃபார்மட்' அமைப்பில் டொமைனை வெட்டிவிட்டு மீதியைச் சிற்றெழுத்தாக்கச் சொல்லுங்கள். பல டொமைன்கள் ஒரே சர்வரில் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். இரண்டு டொமைன்களில் ஒரே பெயருள்ள இருவர் ஒரே கணக்காகிவிடுவார்கள்.

புதிய சர்வருக்கு மாறிய பிறகு சிலர் மட்டும் நுழைய முடியவில்லை.

ஹாஷின் தொடக்கத்தைப் பாருங்கள். டாலர் குறிகளுக்கு நடுவில் 1 என்றால் எம்டி5-கிரிப்ட், 6 என்றால் எஸ்ஹெச்ஏ-512, 2-இல் தொடங்கினால் பிகிரிப்ட், ஒய் என்றால் யெஸ்கிரிப்ட். டெபியன் 11-இல் (2021) யெஸ்கிரிப்ட் இயல்பானது. அப்படிப்பட்ட ஹாஷைப் பழைய நூலகமுள்ள கணினிக்கு எடுத்துப் போனால் அதற்குப் படிக்கத் தெரியாது; அதற்கு முன் கடவுச்சொல் வைத்தவர்கள் நுழைவார்கள், பிறகு மாற்றியவர்கள் நுழையமாட்டார்கள். லாகில் இருவருக்கும் வேறுபாடு புரியாது, ஹாஷைப் பார்த்தால்தான் புரியும்.

எதிர்த்திசைச் சிக்கலும் உண்டு. டாலர் குறியே இல்லாத 13 எழுத்து ஹாஷ் பழைய டெஸ் கிரிப்ட். அது கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே பார்க்கும். அதிலிருந்த பயனர், பல ஆண்டுகளாகக் கடைசிப் பகுதியைத் தவறாகத் தட்டியும் நுழைந்திருப்பார். அவரை நல்ல முறைக்கு மாற்றியதும் திடீரென நிற்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, பொறுமையாக விளக்குங்கள்.

கிராம்-எம்டி5 லாகின் முறையை இயக்கினேன், யாராலும் நுழைய முடியவில்லை.

எடுத்துவிடுங்கள். அந்த முறைக்குச் சர்வரிடம் வெற்றுக் கடவுச்சொல்லோ அதற்கென்றே ஆக்கிய வடிவமோ இருக்க வேண்டும். யூனிக்ஸ் கடவுச்சொற்கள் இருக்கும் ஷேடோ கோப்பின் ஹாஷை வைத்து அதைச் செய்ய முடியாது. டிஎல்எஸ்-க்குள் பிளெயின் போதுமானது.

கடவுச்சொல் சரி என்கிறது லாக், ஆனாலும் பெட்டி திறக்கவில்லை.

இப்போது யூசர்டிபியைப் பாருங்கள். 'ஃபர்ஸ்ட்_வேலிட்_யூஐடி' இயல்பாக 500. அஞ்சல் அடைவுகளுக்கு உரிமையாளரான விமெயில் பயனரை அதற்குக் குறைவான யூஐடியில் உருவாக்கியிருந்தால் டவ்காட் மறுக்கும், லாகில் அமைப்பின் பெயரோடு சொல்லியும்விடும். அஞ்சல் அடைவு வேறு யூஐடியின் பெயரில் இருந்தாலும் இதே நிலை. ரெட் ஹேட் வகையில் அனுமதிகள் எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால் எஸ்இலினக்ஸ் தணிக்கை லாகைத் திறந்து, 'ரிஸ்டோர்கான்' கொடுத்துப் பாருங்கள். எஸ்இலினக்ஸை நிரந்தரமாக அணைப்பது தீர்வல்ல.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது, வீட்டிலிருந்து வேலை செய்கிறது.

ஃபெயில்2பேன், அதாவது லாகில் தவறுகளை எண்ணி ஐபியைத் தடுக்கும் நிரல். யாரோ ஒருவர் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார், மேசை இழுப்பறையில் கிடக்கும் அவருடைய பழைய போன் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கிறது. இயல்பு அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறு நடந்தால் 10 நிமிடத் தடை. அலுவலகம் முழுவதும் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பதால் எல்லோரும் சேர்ந்து வெளியே நிற்கிறார்கள். தடை முடிந்ததும் அந்தப் போன் மறுபடி தொடங்கும்.

'ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ்' கட்டளையோடு டவ்காட் ஜெயிலின் பெயரைக் கொடுத்தால் தடைபட்ட ஐபிகள் தெரியும். 'அன்பேன்ஐபி' கொடுத்து விடுவியுங்கள். பிறகு லாகில் எந்தப் பயனர் பெயர் திரும்பத் திரும்பத் தோற்கிறது என்று பார்த்து அந்தப் போனைக் கண்டுபிடியுங்கள். அலுவலக ஐபியை 'இக்னோர்ஐபி' பட்டியலில் சேர்ப்பதில் தவறில்லை. கைபேசி நிறுவனங்களின் ஐபியையும் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதனால் தடைக் காலத்தை நாள்கணக்கில் நீட்டாதீர்கள், சம்பந்தமில்லாதவர்கள் மாட்டுவார்கள்.

தமிழ் எழுத்துகளில் கடவுச்சொல் வைக்கலாமா?

ஆசை நியாயமானது, நடைமுறையில் இடறும். 'கொ' என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. யுடிஎஃப்-8-இல் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். கணினி விசைப்பலகை ஒன்றையும் போன் விசைப்பலகை மற்றொன்றையும் அனுப்பினால் ஒன்றில் நுழைவார், மற்றொன்றில் நுழையமாட்டார். ஆர்எஃப்சி 8265 (2017) இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறது; எல்லாச் செயலிகளும் அதைப் பின்பற்றுவதில்லை. இன்னொன்று: பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் என்பதால் 24 குறியீடுகளோடு நின்றுவிடும்.

தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தட்டும் நாலைந்து சொற்களின் கோவை நல்ல கடவுச்சொல். பயனர்களுக்கு அதையே சொல்லுங்கள்.

டெபியன் 13-க்கு மேம்படுத்தியதும் டவ்காட் எழவே இல்லை.

டெபியன் 13-இல் டவ்காட் 2.4 வருகிறது. அமைப்பு நடையே மாறிவிட்டது. பழைய கோப்பு அப்படியே செல்லாது. முதல் அமைப்பாக 'டவ்காட்_கான்ஃபிக்_வெர்ஷன்' வேண்டும். 'டிஸேபிள்_பிளெயின்டெக்ஸ்ட்_ஆத்' போய் 'ஆத்_அலவ்_கிளியர்டெக்ஸ்ட்' வந்திருக்கிறது, பொருளும் தலைகீழ்: பழையதில் 'யெஸ்' என்பது புதியதில் 'நோ'. இதைக் கவனிக்காமல் பெயரை மட்டும் மாற்றினால் கடவுச்சொற்கள் மறையாக்கம் இல்லாமல் பயணிக்கும். பலவீனமான ஹாஷ் வகைகளும் இயல்பாக மறுக்கப்படுகின்றன. மேம்படுத்துவதற்கு முன் 'டவ்கான்ஃப் -என்' வெளியீட்டைச் சேமித்து வைத்துக்கொண்டு, புதிய கோப்பை முதலிலிருந்து எழுதுவதே சீக்கிரம் முடியும்.

'ரிலே ஆக்ஸஸ் டினைட்' என்பது கடவுச்சொல் பிழையா?

இல்லை. பயனர் லாகின் செய்யவே இல்லை, அதனால் அவர் அஞ்சலை வெளியே கடத்த (ரிலே) சர்வர் மறுக்கிறது. செயலியின் வெளிச்செல்லும் அஞ்சல் அமைப்பில் 'அங்கீகாரம் தேவை' என்பதை இயக்கி, போர்ட்டை 25-இலிருந்து 587 அல்லது 465-க்கு மாற்றச் சொல்லுங்கள்.

'சாசல் லாகின் ஃபெயில்ட்' வரியின் கடைசியில் பொருளற்ற எழுத்துக் கோவை வருகிறது. பயனரின் கடவுச்சொல் கசிகிறதா?

பெரும்பாலும் அது 'பாஸ்வேர்ட்:' என்று சர்வர் கேட்ட கேள்வியின் பேஸ்64 வடிவம்தான். கசிவு இல்லை.

ஜிமெயில் வழியாக ரிலே செய்கிறேன். 'நோ மெக்கானிசம் அவெய்லபிள்' என்கிறது.

இங்கே உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ்தான் பயனர். 'எஸ்எம்டிபி_சாசல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ்' இயல்பாக வெற்றுக் கடவுச்சொல் முறைகளை மறுக்கும். 'நோஅனானிமஸ்' மட்டும் வைத்து, டிஎல்எஸ்-ஐக் கட்டாயமாக்குங்கள். டெபியனில் லிப்சாசல்2-மாட்யூல்ஸ் தொகுப்பும் வேண்டும். சாசல்_பாஸ்வேர்ட் கோப்பைத் திருத்தியபின் 'போஸ்ட்மேப்' கொடுங்கள். 2022 மே முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் சாதாரணக் கடவுச்சொல் இதற்குச் செல்லாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும்.

இல்லாத பயனர் பெயர்களில் ஓயாமல் முயற்சிகள் வருகின்றன. பயப்பட வேண்டுமா?

தோல்விகளுக்குப் பயப்பட வேண்டாம். இணையத்தில் திறந்திருக்கும் எந்த சர்வருக்கும் இது உண்டு. போர்ட் 25-இல் லாகினை அணைத்துவிட்டால் இரைச்சல் வெகுவாகக் குறையும். கவனிக்க வேண்டியது வெற்றிகளை. 'சாசல்_யூசர்நேம்' உள்ள வரிகளை வடிகட்டி, பயனருக்குச் சம்பந்தமில்லாத ஐபியிலிருந்து லாகின் நடந்திருக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை பாருங்கள்.

நடந்திருந்தால் இந்த வரிசையில் போங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், இந்த ஒரு நிலையில் அதுதான் முதல் வேலை. ஆத் கேஷ் இயக்கியிருந்தால் 'டவ்அட்ம் ஆத் கேஷ் ஃபிளஷ்' கொடுங்கள், இல்லாவிட்டால் பழைய கடவுச்சொல் ஒரு மணி நேரம் வரை செல்லும். திறந்திருக்கும் ஐமேப் இணைப்புகளை 'டவ்அட்ம் கிக்' கொண்டு அறுங்கள். 'மெயில்க்யூ' பார்த்து, அந்தக் கணக்கிலிருந்து வரிசையில் நிற்கும் எரிதங்களை 'போஸ்ட்சூப்பர் -டி' கொண்டு நீக்குங்கள். பிறகு பயனரை நேரிலோ தொலைபேசியிலோ அழைத்துப் புதிய கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், அதே பெட்டிக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டாம்.